மாங்குளத்துக் கூரையில்லா வீடுகள்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், சில வளவுகளுக்குள் இன்னமும் கூரையில்லாத சுவர்கள் நிற்கின்றன. லீவு நாட்களில் அவற்றைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. உலகெங்கும் இப்படிப் பலர் இருக்கிறார்கள். 1986 அணுவுலை விபத்தோடு ஆளொழிந்த பிரிப்யாத் அவர்களுக்கு யாத்திரைத் தலம் மாதிரி. அக்கரையில் தனுஷ்கோடி, 1964 டிசெம்பர் புயல் மிச்சம் விட்ட தேவாலயச் சுவரைப் படமெடுக்காமல் திரும்புபவர் குறைவு.

'கைவிடப்பட்ட கட்டடங்கள்' என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர். நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், ஒரு வீட்டுக்காரர் வந்து நிற்கும்வரை.

"தம்பி, ஆரைக் கேட்டு எடுக்கிறீர்?"

"ஆளில்லாத வீடெண்டு நினைச்சன் ஐயா."

"ஆளில்லாத வீடோ? என்ர மூண்டு பிள்ளையளும் இதுக்குள்ளதான் வளர்ந்தது."

அவர் அந்த வீட்டைக் கைவிடவில்லை. ஓடவேண்டி வந்தது, ஓடினார். அதுவும் ஒருமுறை அல்ல. மாங்குளம் படைமுகாம் 1990 நவம்பரில் புலிகளிடம் வீழ்ந்தது. 'ஜயசிக்குறு' காலத்தில், 1998 செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. 1999 நவம்பரில் புலிகள் மீட்டார்கள். 2008 நவம்பரில் மறுபடி இராணுவம். ஒரே சுவரில் இருக்கும் சன்னத் துளைகளில் எது எந்த ஆண்டுக்குரியது என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சுவர்கள் வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன. அது நல்ல செய்திதான். 2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. எனக்குத் தெரிந்த பலர் பழைய சுவரை இடித்துத்தான் புதியதற்கு இடமெடுத்தார்கள். புகையிரதமும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிவரை திரும்பி வந்துவிட்டது. ஆனால் இடம்பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேரிடம் பழைய வீட்டின் ஒரு படமும் இல்லை. அல்பம் போன இடத்துக்கே காணிப் பத்திரமும் போனது.

ஒளிப்படம் உறுதிக்கோ பெர்மிட்டுக்கோ ஈடாகாது. என்றாலும் கிணறு, அத்திவாரம், நின்ற பலாமரம் எல்லாம் ஒன்றாகத் தெரியும் படம் காணிப் பிணக்கில் துணைக்கு நிற்கலாம். இடம்பெயர்ந்திருந்த காலத்தைக் காட்டி மற்றவர் ஆட்சியுரிமை கோருவதைத் தடுக்க 2016 இன் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றியது அது. எனவே நான் அழகான கோணத்தோடு நிறுத்துவதில்லை. வளவின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், கதவு நிலையருகே அளவுக்கு ஒரு மண்வெட்டி, கொப்பியில் திகதி. வீட்டுக்காரர் சம்மதிக்காமல் எதையும் வெளியிடுவதில்லை.

காலை ஏழு மணிக்கு முந்திய சாய்ந்த வெளிச்சத்தில் சுவரின் காயங்கள் துலங்கும். ஆனால் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பற்றைக்குள் இறங்கவேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும், ஊராட்கள் நடக்கும் தடத்தை விட்டு விலகக்கூடாது. கட்டில்லாத கிணறுகள் புல்லுக்குள் மறைந்திருக்கும். முகாம் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011 இல் 'த இன்கம்ப்ளீற் தோம்பு' என்றொரு நூல் செய்தார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளின் வரைபடங்களை நினைவிலிருந்து கீறியவை அதில் உள்ளன. கமரா இல்லாமல் செய்த வேலை, ஆனால் என்னைப் போன்றவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

அந்த ஐயாவுக்குப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனபோது சுவர் இடிக்கப்பட்டு, புதிய அத்திவாரம் வெட்டியிருந்தது. படத்தில் விரலை வைத்து, "இதிலதான் சாமித்தட்டு" என்றார். பிறகு, "கூரையையும் போட்டுத் தரேலுமோ தம்பி?" என்று கேட்டார்.