மச்சில் ஒரு ரூம்: ஓட்டு வீட்டுச் சரிவுக்குள் இருக்கிற கதை

இந்த எபிசோடு என் நெத்தியில் இருக்கிற ஒரு வீக்கத்திலிருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் அம்மையார்குப்பம் போயிருந்தேன். ஆர்.கே.பேட்டை பக்கம், ஆந்திரா எல்லையை ஒட்டின நெசவு ஊர். எங்க ஆயா வீடு அங்கேதான். ஓட்டு வீடு. ஏணி வெச்சு மச்சுல ஏறி நிமிர்ந்தேன், கைமரம் நச்சுன்னு நெத்தியில இடிச்சது. கீழேயிருந்து ஆயா குரல்: “குனிஞ்சு போடான்னு சொன்னேன் இல்ல?”

எனக்கு மச்சுல என்ன வேலைன்னா, மாமா வீட்டைப் புதுப்பிக்கப் பார்க்கிறார். மேலே ஒரு ரூம் வேணும். மேஸ்திரி சொன்ன வழி, ஓட்டைப் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம். ஆயா ஒத்துக்கலை. அப்போ மச்சையே ரூமா மாத்த முடியுமான்னு பார்க்க என்னை ஏத்திவிட்டாங்க. “நீ இன்ஜினியர்தானே?” நான் எழுதறது சாஃப்ட்வேர்னு சொன்னா யார் கேட்கிறாங்க.

சரி, டேப்பை எடுத்து அளந்தேன். வீட்டின் அகலம் 20 அடி. மச்சுத் தரையிலிருந்து பக்கச் சுவர் 3 அடிதான் எழும்புது. ஓட்டுச் சரிவு கிட்டத்தட்ட 30 டிகிரி. பத்தாம் வகுப்பு டிரிக்னாமெட்ரி போட்டா, நடுவில் முகட்டுக்குக் கீழே 8¾ அடி உயரம் வருது. ஆறடி ஆள் தலை இடிக்காம நிற்கணும்னா நடுவில் சுமார் ஒன்பதரை அடி அகலம்தான் மிஞ்சும். மீதியில் தவழணும். நம்ம தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஆள் குடியிருக்கிற அறைக்குக் குறைஞ்சது 2.75 மீட்டர் உயரம் கேட்குது. சரிவுக் கூரையா இருந்தா சராசரி உயரம் அவ்வளவு இருக்கணும். அதாவது 9 அடி. எங்க மச்சோட சராசரி 6 அடி கூட இல்லை. உச்சியே 9 அடியைத் தொடலை.

அப்போ கட்டினவங்க கணக்கு தெரியாதவங்களா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது, அவங்க கட்டினது ரூமே இல்லை.

“குச்சு வீடா, மச்சு வீடா”ன்னு கேட்பாங்க இல்லையா, அதுல வர்ற மச்சு இதுதான். உத்திரத்து மேல பலகை அடுக்கி, அதுக்கு மேல மண்ணோ சுண்ணாம்புக் காரையோ பரப்பின ஒரு தட்டு. கூடத்துக்கு அது சீலிங், சாமானுக்கு அது பரண். நெல் மூட்டை, அண்டா, பழைய பண்ணை, விழுது, நூல் கட்டு எல்லாம் அங்கே போகும். எங்க ஊர்ல தெலுங்கு பேசறவங்க இதை ‘அடக’ன்னு சொல்வாங்க.

ஆனா அதோட பெரிய வேலை சாமான் வைக்கிறது இல்லை. மே மாசம் வானிலைச் செய்தி கேட்டிருந்தா திருத்தணி பேர் எந்த வரிசையில் வரும்னு உங்களுக்கே தெரியும். வெயிலில் ஓடு காயும், அந்தச் சூடு கீழே இறங்கும். மச்சு அதை நடுவழியில் நிறுத்தும். மேலே தேங்கற சூடான காற்று ஓட்டு இடுக்கு வழியா வெளியே போயிடும். கீழே கூடத்தில் இருந்தது குழித்தறி. நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிற தறி. பருத்தி நூலுக்கு ஈரப்பதம் வேணும். காற்று காய்ஞ்சுபோனா இழை அறும், இழை அறுந்தா கூலி போச்சு. குழியின் குளிர்ச்சியும் மண் சுவரும் மேலே இருக்கிற மச்சும் சேர்ந்து அந்த நூலைக் காப்பாத்தின. எங்க பாஷையில் சொன்னா, மச்சு இந்த வீட்டோட ஹீட் ஷீல்டு. நாங்க அதுக்குள்ள ஒரு மனுஷனையும் லேப்டாப்பையும் வைக்கப் பார்த்தோம்.

சரிவு ஏன் இவ்வளவு தாழ்வு? பழைய நாட்டு ஓடு குயவர் கையால் செஞ்சது. குழாய் மாதிரி வனைஞ்சு, ரெண்டாப் பிளந்து, சூளையில் சுட்டது. ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்காது, சொந்த எடையில்தான் உட்கார்ந்திருக்கும். சரிவு அதிகமானா வழுக்கும், குறைஞ்சா மழைத் தண்ணி உள்ளே வரும். கைமரம் பனை, அதுக்கும் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆக உயரத்தை முடிவு பண்ணினது மண்ணும் மரமும் மழையும்தான்.

அடுத்த மாற்றம் மங்களூர்லேர்ந்து வந்தது. 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சார். அதே மிஷன் நெசவாலையும் நடத்தியது, இது எனக்குப் பிடிச்ச தகவல். மங்களூர் ஓட்டுக்கு விளிம்பில் பள்ளம் மேடு உண்டு, பக்கத்து ஓட்டோட பூட்டிக்கும், ரீப்பரில் கொக்கி போட்டு நிற்கும். ஒழுகல் குறைஞ்சது. இடுக்கும் குறைஞ்சது, அதனால காற்று வெளியேறும் வழியும் சுருங்குச்சு. இதுக்கு ஒரு நல்ல பதில் பிறகு வந்தது: சீலிங் ஓடு. மேல் ஓட்டுக்குக் கீழே தட்டையா, பூ வேலைப்பாடோட இன்னொரு அடுக்கு, நடுவில் காற்று. கேரளாவில் பழைய வீடுகளில் நிறையப் பார்க்கலாம். நம்ம ஃபால்ஸ் சீலிங்குக்குத் தாத்தா.

இப்போ தாத்தா விஷயத்துக்கு வரேன். மச்சின் நடுவில் ஒரு சதுரத்துக்குப் பலகையே இல்லை, கீழே கூடம் தெரியுது. மேஸ்திரி பார்த்துட்டு “செல்லு அரிச்சிருக்கு, எல்லாத்தையும் எடுத்துடணும்”னு சொன்னார். நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். விளிம்பு நேரா இருக்கு. ரம்பம் போட்ட நேர்.

ஆயாகிட்ட கேட்டேன். “அது உங்க தாத்தா அறுத்தது. ஜக்காடு பொட்டி உள்ள நுழையணும்ல?”

எந்த வருஷம்னு கேட்டா, நம்ம ஊரு மெட்ராஸோட சேர்ந்ததுக்கு அடுத்த வருஷமாம். இந்தப் பகுதி 1953-ல் ஆந்திராவுக்குப் போய், ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம், 1960 ஏப்ரல் 1-ல் மெட்ராஸ் மாநிலத்துக்குத் திரும்பினது. அப்போ 1961. வீட்டை முதல்ல ரீமாடல் பண்ணது மாமா இல்லை.

ஜக்கார்டு கருவி தறிக்கு மேலே உட்காரும். துளை போட்ட அட்டை ஒவ்வொண்ணா வரும். துளை இருந்தா அந்த இழை தூக்கப்படும், இல்லைன்னா இல்லை. 1804-ல் பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கினது. பாபேஜ் தன் கணக்கு எந்திரத் திட்டத்துக்கு இந்த அட்டை யோசனையை எடுத்துக்கிட்டார். என் தொழிலோட கொள்ளுப்பாட்டன் எங்க வீட்டுக் கூரையை இடிச்சிருக்கான்!

இந்த உயரப் பிரச்சினை எங்க ஊருக்கு மட்டும் வந்ததில்லை. லியோன் நகரத்தில் குருவா-ரூஸ் மேட்டில் பட்டு நெசவாளருக்காகக் கட்டின வீடுகளுக்கு 4 மீட்டர் உயரச் சீலிங், ஜக்கார்டு நிற்கணும்கிறதுக்காக. குடும்பம் தூங்கினது அதே அறைக்குள் மரத்தில் அடிச்ச ஒரு பரணில். 1831-லயும் 1834-லயும் கூலிக்காகக் கிளர்ச்சி பண்ணின நெசவாளர்கள் இவங்கதான்.

லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் இதுக்கு நேர் எதிர். 1685-க்குப் பிறகு பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹூகெனாட் புராட்டஸ்டன்ட்டுகள் குடியேறின இடம். அங்கே தறியையே சரிவுக் கூரைக்கு அடியில், மாடி உச்சியில் வெச்சாங்க, அகலமான ஜன்னலோட. அங்கே பஞ்சம் வெளிச்சத்துக்கு. இங்கே வெளிச்சத்துக்குக் குறைச்சல் இல்லை, பிரச்சினை சூடு. அதான் நம்ம நெசவாளர் கூரைக்கு ஏறாம குழிக்குள் இறங்கினார். இன்னைக்கு இணையத்தில் சரிவுக் கூரை ரூம்னு தேடினா வர்ற அழகான படமெல்லாம் குளிர் நாட்டுது. சரிவை ஒட்டி ஜிப்சம் போர்டு அடிச்சு, வெள்ளை பெயின்ட், கட்டில். அதை அப்படியே திருத்தணி பக்கம் செஞ்சா மே மாசம் அந்த ரூம் அடுப்பாயிடும்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பேசினோம். என் யோசனை இது: நடுவில் ஒன்பதரை அடி மட்டும் புழங்கற இடம், ரெண்டு பக்கத் தாழ்வும் பழையபடி சாமானுக்கு. கைமரத்துக்கு அடியில் சீலிங் ஓடு, முகட்டில் காற்றுப் போக வழி, வெளிச்சத்துக்கு நாலஞ்சு கண்ணாடி ஓடு. தாத்தா அறுத்த சதுரத்தில் படிக்கட்டு. படிக்க, சாயங்காலம் உட்கார, மழை நாளில் தூங்க ஆகும். மதியம் ரெண்டு மணிக்கு மீட்டிங் எடுக்க ஆகாது, அதுக்குக் கீழே கூடம் இருக்கு. விதிப்படி அதை ரூம்னு சொல்ல முடியாது, மச்சுன்னே சொல்லிக்கலாம்.

மாமாவுக்குப் பாதி மனசு. “இவ்வளவு செலவு பண்ணியும் குனிஞ்சுதான் நடக்கணுமா?”ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. ஆயா பதில் சொல்லலை. மேலே ஒரு மூலையில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிற ஜக்காடு அட்டைகளை யாரும் எடைக்குப் போடக் கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க. மேஸ்திரி அடுத்த வாரம் விலை சொல்றேன்னிருக்கார்.