ஓர் ஆட்டக்காரர், இரண்டு கொடிகள்

ஒலிம்பிக் பதக்கப் பட்டியல்கள் நாடுகளையே கணக்கிடுகின்றன. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்துக்கான தங்கம் சோவியத் ஒன்றியத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அவ்வணியின் முதன்மையான ஆட்டக்காரர்களுள் நால்வர் லித்துவேனியர் என்பதைப் பட்டியலைப் பார்த்து நாம் அறிய முடியாது. அந்நால்வருள் உயரத்திலும் புகழிலும் முதல்வர் அர்விதாஸ் சபோனிஸ். அவருடைய சர்வதேச ஆட்ட வாழ்வைப் பின்தொடர்ந்து சென்றால், ஒரு சிறிய தேசத்தின் அரை நூற்றாண்டு வரலாறே நமக்குப் புலப்படும்.

லித்துவேனியாவுக்குக் கூடைப்பந்து வெறும் பொழுதுபோக்கன்று. 1937ஆம் ஆண்டு ரீகா நகரிலும் 1939ஆம் ஆண்டு தன் சொந்த மண்ணான கௌனாஸ் நகரிலும் ஐரோப்பியப் பட்டத்தை வென்ற நாடு அது. அடுத்த ஆண்டே, 1940இல், சோவியத் ஒன்றியம் அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கொடியும் தேசிய அணியும் மறைந்தன. ஆட்டம் மட்டும் எஞ்சியது.

1964இல் கௌனாஸில் பிறந்த சபோனிஸ், அந்நகரின் ஜல்கிரிஸ் கழகத்தில் வளர்ந்தார். 1410இல் போலந்து, லித்துவேனியப் படைகள் டியூட்டானிய வீரர்களை முறியடித்த போரின் பெயரையே அக்கழகம் தாங்கியிருந்தது. அதற்கு எதிரே நின்றது செஞ்சேனையின் கழகமான சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ. 1985, 1986, 1987 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜல்கிரிஸ் சோவியத் பட்டத்தை வென்றது. வெளிப்படையாகப் பேச இயலாத ஒன்றை அரங்கில் கூடியோர் கைதட்டலாகப் பேசினர் என்றே நாம் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆயினும் சர்வதேசப் போட்டி என்று வந்தால் சபோனிஸ் அணிய வேண்டியிருந்தது சோவியத் சட்டை. 1982இல், பதினேழு வயதிலேயே, உலகப் பட்டம் வென்ற அணியில் அவர் இருந்தார். 1985இல் ஐரோப்பியப் பட்டமும் கிட்டியது. 2.21 மீட்டர் உயரம் கொண்ட அவர், குள்ளமான ஆட்டக்காரரின் லாகவத்தோடு பந்தைக் கடத்துவார். 1986இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து அணி அவரைத் தெரிவு செய்தது, மாஸ்கோ விடவில்லை. இடையில் குதிகால் தசைநார் அறுந்தது. அக்காயம் முழுதும் தேறாத நிலையிலேயே அவர் சியோலுக்குச் சென்றார். அரையிறுதியில் அமெரிக்கா 82-76 என வீழ்ந்தது. இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியா வீழ்ந்தது.

அதன்பின் காலம் விரைந்து மாறியது. 1989இல் சபோனிஸ் ஸ்பெயினுக்கு ஆடப் போனார். 1990 மார்ச் 11 அன்று லித்துவேனியா விடுதலையை அறிவித்தது. 1991 ஜனவரி 13 அன்று வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தை சோவியத் படைகள் கைப்பற்றியபோது உயிரிழந்தோர் பதினான்கு பேர். அவ்வாண்டு செப்டம்பரில் மாஸ்கோவும் விடுதலையை ஏற்றது. நாடு பிறந்துவிட்டது, அணியை அனுப்பப் பணம் இல்லை. அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்த சாருனாஸ் மார்ச்சுலியோனிஸ் நிதி திரட்டினார். கிரேட்ஃபுல் டெட் என்னும் இசைக்குழு கைகொடுத்தது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கின் அரையிறுதியில் லித்துவேனியா அமெரிக்காவிடம் 76-127 எனத் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே நின்றது, பழைய சோவியத் குடியரசுகள் பன்னிரண்டின் ஒருங்கிணைந்த அணி. முதல் சுற்றில் அவ்வணியிடம் லித்துவேனியா தோற்றிருந்தது. சியோலில் சபோனிஸோடு தோளுரசி ஆடிய உக்ரேனியரான அலெக்சாந்தர் வோல்கோவ், இப்போது அந்த அணியில் இருந்தார். ஆகஸ்ட் 8 அன்று லித்துவேனியா 82-78 என வென்றது. மஞ்சள், பச்சை, சிவப்புச் சாயம் தோய்ந்த பனியன்களோடு அவ்வணி பதக்க மேடை ஏறியது.

தங்கம் உயர்ந்ததா, வெண்கலம் உயர்ந்ததா? உலோகக் கணக்கில் விடை எளிது. ஆயினும் வோல்கோவ் போன்ற தோழர்களோடு உழைத்துப் பெற்ற தங்கத்தைப் பொய்யென்று தள்ளுவது நியாயமாகாது. ஆடியவர்களின் திறமை அது, பெயர்தான் வேறொருவருடையது. வெண்கலத்திலோ உழைப்பும் பெயரும் ஒன்றாயின. லித்துவேனியர் அதை இன்றும் போற்றுவதற்குக் காரணம் இதுவே என்பது நம் துணிபு.

இழப்பும் இல்லாமல் இல்லை. போர்ட்லாந்தில் அவர் ஆடத் தொடங்கியது 1995இல், முப்பது வயதில். கால்களின் வேகம் அதற்குள் போய்விட்டிருந்தது. அவ்வாண்டு ஐரோப்பிய வெள்ளியும், 1996 அட்லாண்டாவில் மீண்டும் ஒலிம்பிக் வெண்கலமும் தன் நாட்டுக்காக வென்றார். அவர் மகன் தோமந்தாஸ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் லித்துவேனியாவுக்காக ஆடினார். தந்தை ஒலிம்பிக்கில் இருபத்தேழாம் வயதில்தான் அணிய முடிந்த அச்சட்டை, மகனுக்குத் தொடக்கத்திலேயே கிடைத்தது.