திருச்சுழிக்கு எத்தனை எழுத்து?

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாதி தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் நம் பக்கத்து ஊர்களைத் தேடிப் பாருங்கள். பல பக்கங்களின் ஓரத்தில் ஒரு தகவல் பெட்டி இருக்கும். மாவட்டம், ஆளுநர், முதலமைச்சர் பெயரெல்லாம் அதில் வரும். ஆட்சி மாறினால் ஒவ்வோர் ஊராகத் திருத்த வேண்டியதில்லை. பொதுவான ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

எப்படி? நாம் பார்க்கும் பக்கம் அதே உருவில் எழுதி வைக்கப்பட்டது அல்ல. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. எந்த வயலுக்கு எவ்வளவு என்று மடை திறந்துவிடுபவர் நீர்ப்பாய்ச்சி. அதுபோல சர்வரில் விவரங்கள் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கோத்துப் பக்கமாக்கி அனுப்புவது அங்கேயே ஓடும் ஒரு நிரல்.

இணையத்தின் தொடக்கத்தில் இந்த ஏற்பாடு இல்லை. எழுதி வைத்த கோப்பு எல்லோருக்கும் ஒரேமாதிரி போகும். 1993-ல் சிஜிஐ என்ற முறை வந்த பிறகுதான், யாராவது கேட்டதும் சர்வர் ஒரு நிரலை ஓட்டிப் பதில் தருவது பரவியது. அன்று பலரும் எழுதியது பெர்ல் மொழியில். 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை வெளியிட்டார். அதுதான் பிஎச்பி மொழியாக வளர்ந்தது.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15-ல் தொடங்கியபோது பெர்ல் நிரலில்தான் ஓடியது. கூட்டம் பெருகவும் அது திணறியது. மாக்னஸ் மான்ஸ்கே என்ற ஜெர்மானியர் பிஎச்பியில் புதிதாக எழுதிக் கொடுத்தார். அவர் படித்துக்கொண்டிருந்தது உயிரியல்! 2002-ல் பயன்பாட்டுக்கு வந்த அந்த வழியில் உருவானதே மீடியாவிக்கி. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதன் மேல்தான் நிற்கிறது. அதை ஆரம்பத்தில் தோளில் சுமந்தவர் மயூரநாதன், இலங்கைத் தமிழர். அமீரகத்தில் கட்டடக்கலைஞராக இருந்தவர்.

சரி, சர்வர் நிரலை யார் எழுதலாம்? எல்லோரிடமும் சாவியைக் கொடுத்தால் ஒருவர் தவறே மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். அதனால் முதலில் ‘வார்ப்புரு’ என்ற அச்சு மட்டும் தந்தார்கள். 2006-ல் ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்று எழுதும் வசதி அதில் சேர்ந்தது. ஆர்வலர்கள் விடுவார்களா? அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அடுக்கினார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட பஞ்சாங்கம் எளிது. பெரிய பக்கங்கள் திறக்கவும் தாமதமானது.

2013-ல் விடிவு வந்தது. லுவா என்ற மொழியில் சிறு நிரல்களை விக்கிக்குள்ளேயே எழுதலாம் என்றாயிற்று. லுவா, பிரேசில் நாட்டு ரியோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1993-ல் பிறந்த மொழி. போர்த்துகீசியத்தில் ‘நிலா’ என்று பொருள். இந்த நிரலையும் கட்டுரை போலவே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பழைய வடிவத்துக்குத் திரும்பலாம். ஆனால் கட்டுக்காவல் உண்டு. சர்வரின் மற்றக் கோப்புகளைத் தொட முடியாது. ஒரு பக்கத்துக்கு 10 விநாடி, 50 மெகாபைட் நினைவகம், அவ்வளவுதான். நம் ஊர் முறைத்தண்ணீர் மாதிரி. நேரம் முடிந்தால் மடை அடைபடும்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ‘திருச்சுழி’ எத்தனை எழுத்து? லுவாவிடம் நீளம் கேட்டால் 30 என்கிறது. அது எண்ணுவது பைட்டை; யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். இதற்காகவே மீடியாவிக்கி தனியாக ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது. அதனிடம் கேட்டால் 10. த ஒன்று, அதன் மேல்விலங்கு ஒன்று என்று பிரித்து எண்ணுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தி, ரு, ச், சு, ழி என்று விரல் மடக்கி 5 என்று சொல்லிவிடும்!

அந்த ஐந்தை வரவழைக்க, கொம்பும் காலும் புள்ளியும் முந்தைய எழுத்தோடு சேர்ந்தது என்று யாராவது நிரலில் எழுதித்தான் ஆக வேண்டும். ரியோ நகரத்துக்காரருக்கு அது தெரிய நியாயமில்லை. தமிழும் நிரலும் தெரிந்த பிள்ளைகள் என் வகுப்பிலிருந்தே எத்தனையோ பேர் போயிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்.

அந்த விதியோடும் ஒரு சிக்கல் பாக்கி. வருகைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் தவறாமல் இருந்த பெயர் லக்ஷ்மி. ல, க், ஷ், மி என்று நிரல் 4 சொல்லும். க்ஷ் ஒரே எழுத்து என்று எழுதிப் பழகியவர்கள் 3 என்பார்கள். நீங்கள் நிரல் எழுதினால் எதை வைப்பீர்கள்? காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.