மோதிரம் யார் துண்டில்? ஹாலோவீன் இரவில் காதலர்கள் செய்துபார்த்த சோதனைகள்

அக்டோபர் மாதம் பாதி கடந்துவிட்டால் போதும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள பேரங்காடிகளில் ஆரஞ்சு நிறப் பூசணிக்காய்களும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளும் தொங்கத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் தீபாவளிக் கோலம், இன்னொரு பக்கம் பஞ்சில் செய்த சிலந்தி வலை. 2024ஆம் ஆண்டில் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31ஆம் தேதியே வந்தன.

ஹாலோவீன் என்றாலே பேய் வேடம், முகமூடி, திகில் படம் என்றுதான் இங்கே பலருக்கும் தெரியும். ஆனால் அது வேரூன்றிய அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்த இரவில் இளவட்டங்களின் மனத்தில் இருந்த கேள்வி வேறு. 'எனக்குக் கல்யாணம் ஆகுமா? யாரோடு? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?' என்பதை அறிய அவர்கள் அடுப்பையும் தோட்டத்தையும் கண்ணாடியையும் ரொட்டியையும் கேட்டார்கள். இன்று தம்பதியர் சேர்ந்து செய்து பார்க்கக்கூடிய வழக்கங்கள் எனச் சமூக ஊடகங்களில் பரவும் பலவற்றைவிட, இந்தப் பழைய விளையாட்டுகளில் சுவை அதிகம்.

பெயரைப் பற்றி ஒரு சிறு விளக்கம். நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்குச் சகல புனிதர்களின் பெருவிழா. அதற்கு முந்தைய இரவே ஹாலோவீன். மறுநாளான நவம்பர் 2, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். இவற்றுக்கும் முன்பே, அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளைக் கெல்டிக் மக்கள் 'சவின்' என்ற பெயரில் கொண்டாடினர். அன்றிரவு இந்த உலகத்துக்கும் மறு உலகத்துக்கும் இடையிலான கதவு திறந்திருக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. கதவு திறந்திருக்கும்போது வருங்காலத்தையும் எட்டிப் பார்த்துவிடலாமே என்று நினைத்ததில் வியப்பில்லை.

அடுப்பில் இரண்டு கொட்டைகள்

மிகப் பரவலாக இருந்த சோதனை கொட்டை சுடுவது. இங்கிலாந்தின் வட பகுதியில் இந்த இரவுக்கே 'கொட்டை உடைக்கும் இரவு' என்றொரு பெயர் இருந்தது. இரண்டு ஹேசல் கொட்டைகளையோ செஸ்நட்டுகளையோ எடுத்து, ஒன்றுக்குப் பெண்ணின் பெயரும் மற்றொன்றுக்கு ஆணின் பெயரும் வைத்து, தணலின் ஓரத்தில் அருகருகே வைப்பார்கள். இரண்டும் அமைதியாகச் சேர்ந்தே எரிந்து சாம்பலானால் இல்லறம் இனிக்கும். ஒன்று 'பட்' என்று வெடித்துத் துள்ளி விலகினால் அந்த உறவு நிலைக்காது.

உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி மேலோட்டை வெடிக்கச் செய்வதுதான் காரணம். நன்றாக உலர்ந்த கொட்டையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பெண் அன்றைய முடிவைத் தானே எழுதிக்கொண்டிருக்கவும் கூடும்! பெட்டாலிங் ஸ்திரீட்டில் கருமணலில் வறுத்து விற்கிறார்களே, அதே வகைக் கொட்டைதான் செஸ்நட். கீறல் போடாமல் நெருப்பில் வைத்தால் அது எப்படி வெடிக்கும் என்பது அந்த வியாபாரிகளுக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785ஆம் ஆண்டில் இந்த இரவைப் பற்றியே ஒரு நீண்ட கவிதை எழுதினார். மறு ஆண்டு அது அவரது முதல் தொகுப்பில் வெளிவந்தது. கிராமத்தாரின் வழக்கங்கள் வெளியாருக்குப் புரியாமல் போகுமே என்று அவரே அடிக்குறிப்புகளும் சேர்த்தார். அக்காலக் காதல் சோதனைகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளிலிருந்து வந்ததே.

கண்ணை மூடிக்கொண்டு கீரைத் தோட்டத்தில்

பர்ன்ஸ் முதலில் விளக்கும் வழக்கம் வேடிக்கையானது. இருவர் கைகோத்து, கண்களை இறுக மூடிக்கொண்டு தோட்டத்துக்குள் சென்று, கைக்கு முதலில் அகப்படும் கேல் கீரைச் செடியை வேரோடு பிடுங்க வேண்டும். கேல் வேறொன்றுமல்ல, இங்கே பாசாரில் வாங்கும் காய்லான் கீரைக்கு உடன்பிறப்பு. இரண்டும் கோஸ் இனத்தைச் சேர்ந்தவை.

பிடுங்கிய தண்டு நேராக உயர்ந்திருந்தால் வரப்போகும் துணையும் அப்படியே இருப்பார். குட்டையும் கோணலுமாக இருந்தால் அதற்கேற்பத்தான். தண்டின் உட்பகுதியைக் கடித்துப் பார்ப்பார்கள். இனித்தால் நல்ல குணம், கசந்தால் கடுகடுப்பு. வேரில் ஒட்டியிருக்கும் மண்தான் சீதனம். மண் எவ்வளவு அதிகமோ அவ்வளவு பணம் வரும். ஈர மண்ணில் பிடுங்கியவர்கள் எல்லாம் பணக்கார மாமனார் கனவோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

எல்லா வழக்கமும் இவ்வளவு இதமானதல்ல. ஒன்றில் மூன்று கிண்ணங்கள் வைப்பார்கள். ஒன்றில் சுத்தமான நீர், மற்றொன்றில் அழுக்கு நீர், மூன்றாவது வெறுமை. கண்ணைக் கட்டிக்கொண்டு கைவிடும் ஆணுக்குச் சுத்த நீர் கிடைத்தால் கன்னிப் பெண் மனைவியாவாள், அழுக்கு நீர் என்றால் கைம்பெண், வெறுங்கிண்ணம் என்றால் கல்யாணமே இல்லை. கணவனை இழந்தவளை அழுக்கு நீரில் வைத்துப் பார்த்த மனப்போக்கு ஸ்காட்லாந்துக் குடிசையிலும் இருந்திருக்கிறது. இன்று யாராவது இந்த விளையாட்டை மீண்டும் எடுத்து நடத்தினால், அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவதே நல்லது.

தோலும் கண்ணாடியும்

ஆப்பிள் விளையாட்டுகள் பல. தோலை அறுபடாமல் ஒரே நீள நாடாவாகச் சீவி, தோளுக்குப் பின்னால் எறிந்தால், கீழே விழுந்த வடிவமே துணைவரின் பெயரில் முதல் எழுத்து. ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் வளைந்த எழுத்துகளுக்கே யோகம். நேர்க்கோடுகளால் ஆன எழுத்தில் பெயர் தொடங்குபவர்கள் பாவம். சுழி நிறைந்த தமிழ் எழுத்துகளுக்கு இந்தச் சோதனை இன்னும் பொருத்தமாக இருக்கும் போலிருக்கிறது.

நள்ளிரவில் மெழுகுவர்த்தி ஒளியில் கண்ணாடி முன் தனியே நின்று ஆப்பிளைத் தின்றால், வருங்காலக் கணவனின் முகம் தோளுக்குப் பின்னால் தெரியும் என்பது இன்னொரு நம்பிக்கை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அச்சான ஹாலோவீன் வாழ்த்து அட்டைகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பூதத்தைவிடக் காதலே அந்த அட்டைகளில் அதிகம் விற்றது போலும்.

ஓவியர் டேனியல் மாக்லிஸ் 1832இல் அயர்லாந்தின் பிளார்னி ஊரில் கலந்துகொண்ட ஒரு ஹாலோவீன் விருந்தை மறு ஆண்டு ஓவியமாகத் தீட்டினார். அந்த ஓவியத்துக்குப் பெயர் தந்த விளையாட்டில், தொங்கவிட்ட குச்சியின் ஒரு முனையில் ஆப்பிளும் மறு முனையில் எரியும் மெழுகுவர்த்தியும் இருக்கும். குச்சியைச் சுழற்றிவிட்டு, கையைப் பயன்படுத்தாமல் வாயால் ஆப்பிளைக் கவ்வ வேண்டும். தவறினால் மீசை கருகும்.

ரொட்டிக்குள் எழுதிய தலைவிதி

அயர்லாந்தில் இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கம் பார்ம்பிராக் ரொட்டி. உலர்ந்த திராட்சைகள் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் ஐரிஷ் மொழியில் 'புள்ளி ரொட்டி' என்ற பொருளில் அதற்குப் பெயர் அமைந்தது. மாவுக்குள் சில பொருள்களை மறைத்து வைத்துச் சுடுவார்கள். தன் துண்டில் மோதிரம் கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் கல்யாணம். காசு கிடைத்தால் செல்வம், கந்தல் துணி கிடைத்தால் வறுமை. பட்டாணி என்றால் அந்த ஆண்டு கல்யாணம் இல்லை. குச்சி என்றால் சண்டையும் அடியும் நிறைந்த இல்லறம்.

விளையாட்டுதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். அதைவிட அதிகமானோர் கப்பலேறினர். அதன் பிறகு நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுத் துண்டாக்க விவசாயிகள் அஞ்சினர். ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம். மற்றவர்கள் கப்பலேற வேண்டும், அல்லது கல்யாணமின்றி அண்ணன் வீட்டிலேயே உழைத்துக் கிடக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐம்பது வயதை ஒட்டிய ஐரிஷ் மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மணமாகாதவராகவே இருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் ரொட்டியை வெட்டும்போது, மோதிரம் யார் துண்டில் என்று எத்தனை கண்கள் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும்!

எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், 1914இல் வெளிவந்த 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'களிமண்' என்ற சிறுகதையை இந்த இரவை வைத்தே எழுதினார். மரியா என்ற மணமாகாத, வயதேறிய பெண் ஒரு சலவைக்கூடத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். மற்றவர்களுக்கெல்லாம் பார்ம்பிராக் பரிமாறுகிறாள். இந்த முறை மோதிரம் உனக்குத்தான் என்று ஆண்டுதோறும் கேலி செய்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். அன்று மாலை தெரிந்தவர் வீட்டு விருந்தில் கண்ணைக் கட்டித் தட்டுகளின் முன் நிறுத்துகிறார்கள். அவள் கை பட்டது ஈரமான ஏதோ ஒன்றில். அந்த விளையாட்டில் களிமண் என்றால் மரணம். பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டிவிட்டு மறுபடியும் தொடச் சொல்கிறார்கள், இம்முறை பிரார்த்தனைப் புத்தகம் கிடைக்கிறது. என்ன நடந்தது என்பது மரியாவுக்குப் புரிந்ததா என்பதை ஜாய்ஸ் சொல்லாமலேயே விட்டுவிடுகிறார்.

இந்த ஊர் அடுப்பில் செய்து பார்க்க

இன்றைய தம்பதியர் ஹாலோவீனுக்குச் செய்வது பெரும்பாலும் ஜோடி வேடம், சேர்ந்து பூசணிக்காய் செதுக்குதல், திகில் படம், ஒருவருக்கொருவர் மிட்டாயும் சிறு பரிசுகளும் நிரப்பிய கூடை கொடுத்தல் ஆகியவையே. பூசணிக்காய் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: குளிர் நாட்டில் செதுக்கிய காய் பல நாள் தாங்கும், இங்குள்ள வெக்கையிலும் ஈரப்பதத்திலும் சீக்கிரமே பூஞ்சை பிடித்து நாறும். முந்தின நாள் செதுக்கி மறுநாளே அப்புறப்படுத்துவது நல்லது. தோண்டிய சதையைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பூசணிக்காயே அமெரிக்காவில் வந்து சேர்ந்ததுதான். அயர்லாந்தில் செதுக்கியது டர்னிப் கிழங்கு. மாயோ மாவட்டத்திலுள்ள அந்நாட்டுத் தேசிய அருங்காட்சியகத்தின் கிராமிய வாழ்க்கைப் பிரிவில், டொனகல் பகுதியில் செதுக்கப்பட்ட பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு உள்ளது. சுருங்கிய தோலும் குழிவிழுந்த கண்களும் கொண்ட அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குப் பூசணிக்காய் பொம்மை போலத் தோன்றும்.

வீட்டில் தொடங்க எளிதானது பார்ம்பிராக்தான். ஈஸ்ட் சேர்க்காமல் தேநீரில் செய்யும் வகைக்குச் சிரமமே இல்லை. 350 கிராம் உலர்ந்த திராட்சையை, பால் சேர்க்காத 300 மில்லி கட்டித் தேநீரில் இரவு முழுவதும் ஊற வைக்க வேண்டும். கேமரன் மலைத் தேயிலை இதற்குத் தாராளமாகப் போதும். மறுநாள் 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, 250 கிராம் தானாகப் பொங்கும் மாவு, ஒரு தேக்கரண்டி பட்டை, ஜாதிக்காய்த் தூள் சேர்த்துக் கிளறி, 170 டிகிரி சூட்டில் சுமார் ஒரு மணி நேரம் சுட வேண்டும். குச்சியைக் குத்தி எடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. ஆறிய பின் வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள்.

உள்ளே எதை வைப்பது என்பது அவரவர் விருப்பம். அடிக்கும் குச்சியையும் கந்தலையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே மணமானவர்கள் தங்களுக்குப் பொருளுள்ளதை வைக்கலாம். மோதிரம் கிடைத்தவருக்கு ஒரு மாதம் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுமுறை, காசு கிடைத்தவர் அடுத்த பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுப்பார், இப்படி. கொட்டை சுடும் சோதனை செய்ய விரும்பினால் வீட்டு வாசலில், கரி அடுப்பில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திச் செய்ய வேண்டும். அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு அது ஏற்றதல்ல.

ரொட்டிக்குள் வைக்கும் பொருள்களைக் கொதிநீரில் கழுவி, சமையல் காகிதத்தில் பெரிதாகச் சுற்றி வைப்பது அவசியம். வெட்டுவதற்கு முன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். அயர்லாந்துக் கடைகளில் விற்கும் ரொட்டியிலும் மோதிரம் உள்ளே இருக்கிறது என்ற குறிப்பு உறை மேல் இருக்கும். மோதிரத்தை விழுங்கியவருக்கு என்ன பலன் என்று எந்தப் பாட்டியும் சொல்லி வைக்கவில்லை.