ஒரே குழாயில் இரு கட்டிகள்: ஒரு நோயறிதலின் வரலாறு

உணவுக்குழாயில் தீங்கற்ற கட்டி ஒன்றும் புற்றுநோய் ஒன்றும் ஒரே நோயாளியிடம் சேர்ந்திருக்கக்கூடும். அரிதாக, ஒன்றன்மேல் ஒன்றாகவே அமைந்திருக்கக்கூடும். அறுவை மருத்துவப் பாடநூல்களில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் செய்தி. மருத்துவ வரலாற்றைப் பயில்வோருக்கு அந்த ஓரிரு வரிகள் போதா. இரண்டு நோய்கள் இருக்குமிடத்தில் ஒன்றை மட்டும் காண்பது கருவியின் குறையா, அல்லது ஒரு நோயாளிக்கு ஒரு நோய் என்று தேடப் பழக்கிய சிந்தனை மரபின் குறையா? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இரண்டுமே மாறி மாறிக் காரணமாக இருந்துள்ளன என்பதே என் வாசிப்பு.

முதலில் கட்டிகளைப் பற்றிச் சிறிது. உணவுக்குழாயின் தீங்கற்ற கட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது லியோமயோமா எனப்படும் மென்தசைக் கட்டி. குழாயின் மேற்பகுதியில் இருப்பது வரித்தசை. நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் மென்தசை. ஆகவே இக்கட்டியும் பெரும்பாலும் அவ்விரு பகுதிகளிலேயே தோன்றுகிறது. அது சுவரின் உள்ளடுக்கில் மெதுவாக வளரும். அதன்மேல் சளிச்சவ்வு வழவழப்பாகப் போர்த்தியிருக்கும். செதிட்செல் புற்றுநோயோ அந்தச் சளிச்சவ்விலேயே தொடங்கி உள்நோக்கி இறங்குவது. ஒன்று தரைக்கு அடியில் கிடக்கும் பாறை. மற்றொன்று தரைமேல் முளைத்து வேர்விடும் களை. இந்த அடுக்கு வேறுபாடுதான் பின்வரும் வரலாறு முழுவதற்கும் திறவுகோல்.

உயிருள்ள மனிதரின் உணவுக்குழாய்க்குள் பார்க்க முடியும் என்பதை 1868இல் ஃபிரைபர்க்கில் அடோல்ஃப் குஸ்மௌல் காட்டினார். அவருக்குத் துணைநின்றவர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவர். நேரான உலோகக் குழாயை விழுங்கும் பயிற்சி அவரிடம் இருந்தது; உள்ளே போதிய வெளிச்சம் பாய்ச்சும் வழிதான் குஸ்மௌலிடம் இல்லை. (நோயியல் வரலாற்றில் இத்தகைய உடல்களின் பங்கு தனியே எழுதப்பட வேண்டியது.) 1881இல் வியன்னாவில் யோகன் மிக்குலிச் ஒளியூட்டப்பட்ட குழாயைக் கொண்டு அக்குறையை ஓரளவு தீர்த்தார். 1895இல் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது. பின்னர் பேரியக் கரைசலை விழுங்கச் செய்து படமெடுக்கும் வழக்கம் வந்தது.

பேரியப் படம் அடிப்படையில் ஒரு நிழலின் ஓரத்தைப் படிக்கும் கலை. வழவழப்பான, பிறை வடிவான குறைவு தெரிந்தால் மென்தசைக் கட்டி. ஒழுங்கற்ற, அரிக்கப்பட்ட ஓரம் தெரிந்தால் புற்றுநோய். இந்த இருமை மாணவர்களுக்குக் கற்பிக்க எளிது, ஆகவே நிலைத்தது. ஆனால் அது 'இதுவா, அதுவா' என்று மட்டுமே கேட்டது. 'இதுவும் அதுவுமா' என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. வழவழப்பான மேட்டின்மேல் மெல்லிய ஏடுபோல் படர்ந்திருக்கும் தொடக்கநிலைப் புற்று நிழலில் ஓரமே காட்டாது.

சிகிச்சை வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குழப்பத்தின் விலை புரியும். 1877இல் ஹைடல்பர்க்கில் வின்சென்ஸ் செர்னி கழுத்துப் பகுதி உணவுக்குழாயின் புற்றுநோயை வெட்டி எடுத்தார். மார்புக்குள் இருக்கும் பகுதியோ நெடுங்காலம் எட்டாக்கனியாக இருந்தது. 1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் 67 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதை அகற்றினார். அறுந்த இரு முனைகளை அவர் இணைக்கவில்லை. கழுத்திலிருந்து இரைப்பைக்கு உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் சென்றது. அதன் வழியாகவே உண்டு அப்பெண்மணி பத்தாண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். 1933இல் கியோட்டோவில் ஓசாவாவும், 1938இல் சிகாகோவில் ஆடம்ஸ், ஃபெமிஸ்டர் இருவரும் இரைப்பையை மார்புக்குள் இழுத்து இணைத்த வெற்றிகளை வெளியிட்டனர். 1946இல் ஐவர் லூயிஸ் விவரித்த இருகட்ட முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மென்தசைக் கட்டிக்கு இவ்வளவு பெரிய அறுவை தேவையில்லை. தசையைப் பிரித்து, கொட்டையைப் பிதுக்குவதுபோல் கட்டியை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். சளிச்சவ்வு கிழியாமல் இருப்பதே அந்த அறுவையின் நேர்த்தி. சிறியதாய், தொல்லையற்றதாய் இருந்தால் தொடாமல் கண்காணிப்பதும் வழக்கம். இப்போது சளிச்சவ்வில் புற்று மறைந்திருப்பதாகக் கொள்வோம். மருத்துவர் எந்தச் சவ்வை அவ்வளவு கவனமாகக் காப்பாற்றினாரோ, அந்தச் சவ்வில்தான் உயிருக்கு ஆபத்தான நோய் தங்கிவிட்டது. மறுபுறத் தவறும் உண்டு. கட்டியின் பருமனும் புற்றின் பருமனும் ஒன்றே எனக் கணக்கிட்டால், மேலோட்டமான புற்று ஆழமாக ஊடுருவிய புற்றாகத் தோற்றமளிக்கும். தேவையற்றவருக்கு உணவுக்குழாய் முழுவதும் அகற்றப்படலாம்.

இங்கே ஒரு நல்ல விதியே தடையாக நின்றதையும் சொல்ல வேண்டும். மென்தசைக் கட்டி என ஐயுறும் இடத்தில் சளிச்சவ்விலிருந்து சதைத் துணுக்கு எடுக்கக் கூடாது என்பது அறுவை மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த விதி. காரணம் நியாயமானது: துணுக்கு எடுத்த இடத்தில் தழும்பு உண்டாகி, சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும், பிதுக்கி எடுக்கும்போது சவ்வு கிழியும். மேலும், மேலோட்டமான துணுக்கில் அடியிலுள்ள கட்டி அகப்படவும் போவதில்லை. சவ்வு இயல்பாக இருக்கும்போது மட்டுமே இவ்விதி பொருந்தும். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு விதியை மட்டும் கைக்கொண்டால், நிறம் மாறிய சவ்வும் சோதிக்கப்படாமல் போகும்.

கோட்பாட்டு நிலையிலும் இந்த இணைவுக்கு வீடு இருக்கவில்லை. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் புற்றுநோய்கள் வரலாம் என்பதற்கு 1889இல் தியோடர் பில்ரோத் அளவுகோல்கள் வகுத்தார். 1932இல் வாரன், கேட்ஸ் இருவரும் அவற்றைத் திருத்தி எளிமையாக்கினர். அவர்களின் முதல் நிபந்தனையே ஒவ்வொரு கட்டியும் தெளிவாகப் புற்றாக இருக்க வேண்டும் என்பது. ராபர்ட் மேயர் 1919இல் முன்வைத்த 'மோதல் கட்டி' என்ற கருத்தும் இரு வேறு கட்டிகள் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டுவதையே குறித்தது. தீங்கற்றதும் தீயதும் அமைதியாக அடுக்கடுக்காய்க் கிடக்கும் நிலை இவ்வகைப்பாடுகளின் விளிம்பில் நின்றது. பெயரில்லாதது பதிவாவதில்லை, தனி நோயாளிக் குறிப்புகளாக மட்டுமே இலக்கியத்தில் சிதறிக் கிடந்தது.

நிலைமையை மாற்றியவை மூன்று கருவிகள். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் ஒளியிழை உள்நோக்கியை உருவாக்கினார். லுகோல் அயோடின் கரைசல் பழைய பொருள்தான்; 1933இல் ஷில்லர் கருப்பை வாயில் பயன்படுத்திய சோதனை 1960களில் உணவுக்குழாய்க்கு வந்தது. இயல்பான செதிட்செல்களிலுள்ள கிளைக்கோஜன் அயோடினை ஏற்றுப் பழுப்பாகும். புற்றுப் பகுதி நிறமேறாமல் வெளிறி நிற்கும். வெறுங்கண்ணுக்கு வழவழப்பான மேட்டின்மேல் ஒரு வெளிறிய திட்டு தெரிந்தால், இரண்டாவது நோயின் எல்லை வரையப்பட்டுவிட்டது. 1980 முதல் வெளியான உள்நோக்கி மீயொலி ஆய்வு, சுவரை ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியது. புற்று எந்த அடுக்கில் நிற்கிறது, அடியிலுள்ள கட்டி எந்தத் தசையிலிருந்து எழுந்தது என்பதை அறுவைக்கு முன்பே தனித்தனியாகச் சொல்ல முடிந்தது அப்போதுதான்.

அதன் பலன் சிகிச்சையில் தெரிந்தது. புற்று சளிச்சவ்வோடு நின்றிருந்தால், ஜப்பானில் வளர்ந்த உள்நோக்கிவழி அடிச்சவ்வு வெட்டெடுப்பு முறையில் அதை மட்டும் உரித்தெடுக்கலாம். அடியிலுள்ள கட்டி சளிச்சவ்வுத் தசையில் தோன்றிய சிறு கட்டியானால் கூடவே வந்துவிடும், ஆழத் தசையில் தோன்றியதானால் விட்டுவைக்கலாம். புற்று ஆழமாக இறங்கியிருந்தால் உணவுக்குழாய் அகற்றத்தில் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். அப்போதும் எச்சரிக்கை தேவை. புற்றுக்குத் தள்ளியிருக்கும் மென்தசைக் கட்டி நிணநீர்க் கணுப் பரவல்போலத் தோன்றலாம். பெட் ஸ்கேனில் அது ஒளிர்ந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. பரவிவிட்டது என்று முடிவுகட்டி, குணமாகக்கூடியவருக்கு அறுவை மறுக்கப்படுவதே இங்குள்ள அபாயம்.

'தீங்கற்றது' என்ற சொல்லும் நிலையானதன்று. 1983இல் மசூர், கிளார்க் இருவரும் 'ஸ்ட்ரோமல் கட்டி' என்ற பெயரை முன்வைத்தனர். 1998இல் ஹிரோத்தா குழுவினர் கிட் மரபணு மாற்றத்தைக் கண்டனர். அதன்பின், முன்பு மென்தசைக் கட்டி என எழுதப்பட்டவற்றுள் சில வேறு இனமாயின. பழைய குறிப்புகளைப் படிக்கும் ஆய்வாளர், அக்கால நோயியலர் எந்தச் சாயத்தைக் கொண்டு அச்சொல்லை எழுதினார் என்று கேட்டாக வேண்டும்.

இரண்டும் ஏன் சேர்கின்றன? அடியிலுள்ள மேடு சவ்வை ஓயாமல் உராய்வுக்கு உள்ளாக்குவதால் புற்று தூண்டப்படுகிறது என்பது ஒரு தரப்பு. தற்செயல் என்பது மறு தரப்பு. அகற்றப்பட்ட உணவுக்குழாய்களை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தபோது, கண்ணுக்குப் புலப்படாத சிறு மென்தசைக் கட்டிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தன. ஆகவே நான் தற்செயல் தரப்பையே வலுவானதாகக் கருதுகிறேன். 1953இல் ஸ்லாட்டர் குழுவினர் வாய்ப்புற்றை முன்வைத்து உரைத்த 'புலப் புற்றாக்கம்' என்ற கருத்தும் இங்கு உதவுகிறது: புகையிலையும் மதுவும் சவ்வுப் பரப்பு முழுவதையும் பாதிக்கும்போது, கட்டியின் மேலுள்ள சவ்வு மட்டும் விலக்காக இருக்கக் காரணமில்லை.

இத்தகைய குறிப்புகளில் கணிசமானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே இந்த இணைவு மிகுதி என்று அதற்குப் பொருளில்லை. அறிகுறி தோன்றுமுன்பே உள்நோக்கிச் சோதனை செய்யும் பழக்கம் அங்கே பரவலானது என்றுதான் பொருள். காஷ்மீரிலும் அசாமிலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுதி. ஆனால் நம் நாட்டில் நோயாளர் பெரும்பாலும் விழுங்க முடியாத நிலைக்கு வந்தபின்பே மருத்துவமனையை அடைகின்றனர். அதற்குள் புற்று வளர்ந்து, அடியில் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டியின் அடையாளத்தை விழுங்கியிருக்கும். எனவே இந்திய இலக்கியத்தில் இந்நிலை குறைவாகக் காணப்படுவதை நோயின் அரிதுத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள இயலாது. நம் புற்றுநோய் மருத்துவமனைகளின் நோயியல் துறைகளில் பாரஃபின் கட்டிகளாக இருக்கும் பழைய மாதிரிகளை முழு நீளத்துக்கும் மீண்டும் வெட்டிப் பார்க்கும் ஓர் ஆய்வு, இக்கேள்விக்குக் கிட்டத்தட்ட நேரடியாகவே விடை தரும். முனைவர் பட்டத் தலைப்பு தேடும் நோயியல் மாணவர் எவரேனும் இதை எடுத்துக்கொள்வாராயின், வரலாற்றுப் பகுதிக்கு என்னாலான உதவியைச் செய்வேன்.