சர் ஜான் சார்ன்லியும் இடுப்பு மூட்டு மாற்று அறுவையும்

இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள பரி நகரில் 1911-ஆம் ஆண்டு பிறந்து, மான்செஸ்டரில் மருத்துவம் பயின்று, இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய சர் ஜான் சார்ன்லி, எலும்பியல் அறுவையைப் பொறியியலின் கண்கொண்டு நோக்கிய முன்னோடி ஆவார்.

அக்ரிலிக் குமிழ் பொருத்தப்பெற்ற நோயாளி ஒருவரின் இடுப்பு அசையுந்தோறும் கிறீச்சிட்டதை அவர் உராய்வின் அடையாளமாகக் கொண்டார். இயற்கை மூட்டில் குருத்தெலும்பும் மூட்டுநீரும் இணைந்து உராய்வைக் குறைக்கின்றன. செயற்கை மூட்டுக்கு அந்நீர் கைகொடுக்காது என்பதால் வழுக்குந்தன்மை பொருளிலேயே அமைய வேண்டும் எனத் தெளிந்த அவர், சிறிய உலோகக் குமிழையும் டெஃப்ளான் கிண்ணத்தையும் தேர்ந்து, பல் மருத்துவத்தில் வழங்கிய அக்ரிலிக் சிமெண்டால் அவற்றை எலும்போடு பிணைத்தார்.

தொடக்கத்தில் வியப்பூட்டிய இம்முறை சில ஆண்டுகளிலேயே பொய்த்தது. டெஃப்ளான் விரைவில் தேய்ந்ததோடு, தேய்ந்த துகள்கள் சுற்றுத் திசுக்களைப் புண்படுத்தி எலும்பையும் அரித்தன. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு அதைப் பொருத்தியிருந்த சார்ன்லி தோல்வியை மறைக்கவில்லை. மறு அறுவைகளின் சுமையையும் தாமே ஏற்றார். டெஃப்ளானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடைக்குள் செலுத்தி, மாதங்கள் கழிந்தபின் டெஃப்ளான் இருந்த இடம் மட்டும் கட்டியாகப் பருத்திருந்ததைத் தொட்டறிந்து, 1963-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். அவரது பெருமைக்கு வெற்றிகளைவிட இந்நேர்மையே உரிய சான்று எனலாம்.

மாற்றுப் பொருள் கிடைத்ததில், சார்ன்லி பணியாற்றிய ரைட்டிங்டன் மருத்துவமனைப் பட்டறையின் கைவினைஞர் ஹாரி கிரேவனுக்குப் பெரும்பங்கு உண்டு. 1962-இல் விற்பனையாளர் ஒருவர் கொணர்ந்த உயரடர்த்திப் பாலிஎத்திலீனைச் சார்ன்லி பொருட்படுத்தாதபோதும், கிரேவன் அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் இரவு பகலாக ஓடவிட்டார். டெஃப்ளான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை என்பதைக் கண்ட சார்ன்லி தம் கருத்தை மாற்றிக்கொண்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே புதிய கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார்.

வடிகட்டிய தூய காற்று இடையறாது பாயும் தனிக்கூடத்தினுள் அறுவை செய்யும் முறையையும் அவர் வகுத்தார். பிற முன்னேற்பாடுகளும் சேர, ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த கிருமித்தொற்று 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1977-இல் சர் பட்டம் பெற்ற அவர் 1982-இல் மறைந்தார். தாம் பொருத்திய மூட்டைத் தத்தம் இறப்புக்குப்பின் ஆய்வுக்காகத் திருப்பியளிக்குமாறு அவர் நோயாளிகளை வேண்ட, பலரும் மனமுவந்து இசைந்தனர். அவ்வாறு திரும்பிவந்த கிண்ணங்களின் தேய்மானத்தை ரைட்டிங்டனில் அளந்து பதிவுசெய்தனர்.