ஆம்பூரும் ஓஹையோவும், 1749

ஜோலார்பேட்டைக்குப் பக்கத்து ஆம்பூர்னா பலருக்குத் தோலும் பிரியாணியும்தான். எனக்கு 1749 ஆகஸ்ட் 3. அன்றைக்குச் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து ஆற்காடு நவாப் அன்வருதீன் கானை அங்கே வீழ்த்தினார்கள். யானை மேலிருந்த கிழவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே ஆகஸ்டில் செலோரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி, கனடாவிலிருந்து படகுகளில் வந்து, ஓஹையோ ஆற்றோரம் ஈயத் தகடுகளைப் புதைத்துக்கொண்டே போகிறார். இந்த ஆறும் இதில் விழும் ஆறுகளும் பிரெஞ்சு மன்னருக்கே என்று அதில் எழுத்து. மண்ணுக்குள்ள இருந்தா யாருங்க படிப்பாங்க? அங்கே குடியிருந்த ஷானி மக்களை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அங்கே ஆதாயம் பீவர் தோல், இங்கே துணி. போட்டிக்காரன் ரெண்டு இடத்திலும் ஆங்கிலேயன்தான். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில் கனடா கைவிட்டுப் போச்சு. ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்த புதுச்சேரி திரும்பக் கிடைச்சது.